புதிதாக மூப்பராக ஏற்படுத்தப்பட்டவருக்கு: இரண்டு பேராகப் போங்கள்

ஞாயிறு ஆராதனையில் உங்கள் தலைமேல் கைவைத்து ஜெபித்தாயிற்று. போட்ட சால்வையை மடித்து பீரோவில் வைத்தாயிற்று. திங்கள் காலையில் என்ன செய்வது? எனக்கு அந்தத் திங்கள் 2007இல் வந்தது. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. தப்புப் பண்ணித்தான் கற்றேன். அதில் ஒன்றிரண்டு தப்பு மற்றவர்களுக்கும் வலித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், படகு இன்ஜின் வேலை பார்ப்பவன். எங்கள் சபை சின்னது. 72 வீடு, ஒரு பாஸ்டர், ஆறு மூப்பர்கள். சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, அக்கரைக்கோரி பக்கத்து மீனவக் குடும்பங்கள் பாதி. சிப்காட்டில் வேலைக்குப் போகிறவர்கள், ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள் மீதி. உங்கள் சபை வேறு மாதிரி இருக்கலாம். சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) சேகரக் குழு இருக்கும், பிஷப் இருப்பார். லுத்தரன் சபைக்கு அதன் சங்கம். சகோதரர் சபைகளில் சம்பளத்துக்குப் போதகர் இல்லாமல் மூப்பர்களே எல்லாம் பார்ப்பார்கள். பெயரும் அதிகாரமும் மாறும். ஆனால் வீட்டுக்குப் போவது, பணத்தைப் பார்ப்பது, சண்டையைக் கேட்பது, வியாதிக்காரருக்கு ஜெபிப்பது ஆகிய நாலும் எங்கேயும் உண்டு.

இந்த நாலுக்கும் ஒரே ஒரு வழக்கத்தைத்தான் சொல்லப்போகிறேன். எதையும் தனியாகச் செய்யாதீர்கள். இரண்டு பேராகச் செய்யுங்கள்.

இது என் யோசனை இல்லை. வேதத்தை எடுத்து மூப்பர் என்ற சொல் வரும் இடங்களைப் பாருங்கள். பவுலும் பர்னபாவும் சபைதோறும் ஏற்படுத்தினது மூப்பர்களை (அப்போஸ்தலர் 14:23). தீத்துவைக் கிரேத்தாவில் விட்டுவந்தது பட்டணந்தோறும் மூப்பரை ஏற்படுத்த (தீத்து 1:5). வியாதிப்பட்டவன் வரவழைக்க வேண்டியது சபையின் மூப்பர்களை (யாக்கோபு 5:14). ஒரு சபைக்கு ஒரே மூப்பர் என்று எங்கேயும் காணோம். இயேசு சீஷர்களை அனுப்பினதும் இரண்டிரண்டு பேராகத்தான். அப்புறம் அப்போஸ்தலர் 20ஐ நிதானமாக வாசியுங்கள். பவுல் மிலேத்துவிலிருந்து ஆள் அனுப்பி எபேசு சபையின் மூப்பர்களை வரவழைக்கிறார். அதே ஆட்களைப் பார்த்துப் பேசும்போது கண்காணிகள் என்கிறார், மந்தையை மேய்க்கச் சொல்கிறார். மூப்பர், கண்காணி, மேய்ப்பன் மூன்றும் ஒரே ஆட்கள் செய்கிற ஒரே வேலை. நான் மேய்ப்பன் இல்லை, அது பாஸ்டர் வேலை என்று நாம் ஒதுங்க முடியாது.

வீட்டுப் பட்டியல்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த அன்று நான் மூப்பர் இல்லை. அன்று சாயந்திரம் எங்கள் சபையில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாரைக் காணோம், யார் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறது என்று சொல்ல முடிந்தவர் ஒரே ஒருவர். எங்கள் மூத்த மூப்பர் ஐயா. சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி நோட்டு வைத்திருப்பார். அதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் முகாமுக்கும் நடந்தே போய் ஒவ்வொரு பெயராக டிக் அடித்தார். நான் அவருக்கு டார்ச் பிடித்தேன். எட்டு பெயருக்கு டிக் விழவில்லை. மறுநாள் ஆறு பேர் கிடைத்தார்கள்.

அந்த நோட்டுதான் மூப்பரின் முதல் கருவி. இன்று 80 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். வீட்டில் இருப்பவர்கள் பெயர், பிள்ளைகள் என்ன வகுப்பு, யார் வெளியூரில், யாருக்கு சுகர், யாருக்கு பிரஷர், கடைசியாக எந்தத் தேதியில் போனீர்கள், என்னத்துக்காக ஜெபிக்கச் சொன்னார்கள். இவ்வளவுதான். வீட்டுச் சண்டையை, ஒருவர் அழுது சொன்ன பாவத்தை, கடன் தொகையை அதில் எழுதாதீர்கள். நோட்டு தொலையலாம், உங்கள் பிள்ளைகள் எடுத்துப் பார்க்கலாம்.

எங்கள் கணக்கு இது. ஆறு மூப்பர், மூன்று ஜோடி. ஒரு ஜோடிக்கு 24 வீடு. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஆறரைக்குப் பட்டறையைப் பூட்டிவிடுவேன். ஜோடிக்கு வாரம் இரண்டு வீடு. பன்னிரண்டு வாரத்தில் எல்லா வீடும் ஒரு சுற்று வந்துவிடும். உங்களால் வாரம் ஒரு வீடுதான் முடியும் என்றால் ஆறு மாதம் ஆகும், பரவாயில்லை. ஆனால் வசதியான வீட்டுக்கு நாலு தடவையும் கெடிலம் ஆற்றுக் கரையோரக் குடிசைக்கு ஒரு தடவையும் போவது கூடாது. நோட்டில் தேதி எழுதினால் அந்தத் தப்பு தானாகத் தெரியும்.

இரண்டு பேரில் ஒருவர் பேசட்டும், ஒருவர் கவனிக்கட்டும். பேசுகிறவருக்குத் தெரியாதது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். ஒரு தடவை நான் அப்பாவோடு படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். என்னோடு வந்த அண்ணன் அந்த வீட்டில் அடுப்பே மூட்டவில்லை என்பதைப் பார்த்துவிட்டார். வெளியே வந்ததும் சொன்னார். நானாக இருந்தால் ஜெபம் பண்ணிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். கைம்பெண் மட்டும் இருக்கும் வீடு, கணவன் வெளிநாட்டில் இருக்கும் வீடு என்றால் ஜோடியில் ஒருவர் தன் மனைவியை அழைத்து வர வேண்டும். இதில் எங்களுக்கு விலக்கே கிடையாது.

டீ கொடுத்தால் குடியுங்கள். அவசரமாக எழுந்துவிடாதீர்கள். ஜெபம் முடிந்தபிறகு, டம்ளரைத் திரும்பக் கொடுக்கும் நேரத்தில்தான் பல வீட்டில் "அண்ணே, இன்னொரு விஷயம்" என்று ஆரம்பிப்பார்கள்.

பணம்

2009இல் ஒரு மழை ஞாயிறு. பொருளாளர் சிதம்பரத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மழை வலுத்ததும் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். காணிக்கைப் பையை நான் வண்டிச் சீட்டுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். ராத்திரி தனியாக எண்ணினேன். 4,310 ரூபாய். எழுதி வைத்தேன். செவ்வாயன்று ஒரு அக்கா பட்டறைக்கு வந்து, "தம்பி, மகளுக்கு வேலை கிடைச்சதுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை கவர்ல ரெண்டாயிரம் போட்டேன், ரசீது வரலையே" என்று கேட்டார். அப்படி ஒரு கவர் பையில் இல்லை.

அந்தக் கவர் மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது. பை எடுத்த வாலிபனின் பாட்டுப் புத்தகத்துக்குள் நழுவி இருந்தது. ஆனால் அந்த மூன்று வாரம்! ஒருவரும் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆராதனைக்கு வருவேன், கடைசி வரிசையில் உட்காருவேன், முடிந்ததும் போய்விடுவேன். நான் எண்ணினது 4,310தான் என்று சொல்ல எனக்கு ஒரு சாட்சி இல்லை. அந்த அக்காவும் கேட்டுவிட்டோமே என்று வருத்தப்பட்டார்கள். ஒரு ஆள் கூட இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வேதனை இல்லை. மூன்றாம் வாரம்தான் 2 கொரிந்தியர் 8ஐ வாசித்தேன். காணிக்கையைக் கொண்டுபோகிற விஷயத்தில் ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடி பவுல் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறார், கூட ஆட்களை அனுப்புகிறார். பவுலுக்கே தேவைப்பட்ட சாட்சி எனக்குத் தேவையில்லையா?

இப்போது நாங்கள் செய்வது: ஆராதனை முடிந்த உடனே, சபைக்குள்ளேயே, கதவைத் திறந்து வைத்து, மேசைமேல் எண்ணுகிறோம். இரண்டு பேர். அண்ணன் தம்பியோ கணவன் மனைவியோ மாமன் மச்சானோ ஜோடியாக எண்ணக்கூடாது. மாதம் ஒருமுறை ஜோடி மாறும். ஒருவர் எண்ணி முடித்ததும் மற்றவர் முதலிலிருந்து எண்ணுவார். 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று சீட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து. கவர்களைத் தனியாகப் பிரித்து, பெயரும் தொகையும் எழுதி, அதற்கு ரசீது. திங்களன்று மூன்றாவது ஒருவர் பேங்கில் கட்டுவார். பாஸ்டர் காணிக்கைப் பையைத் தொடுவதில்லை. அது அவருக்கு நாங்கள் செய்கிற பாதுகாப்பு. காசோலைக்கு இரண்டு கையெழுத்து. இப்போது எல்லாரும் ஜிபே பண்ணுகிறார்கள். சுவரில் ஒட்டும் க்யூஆர் கோடு சபையின் பேங்க் கணக்குக்குப் போக வேண்டும். தற்காலிகமாகப் பாஸ்டர் நம்பர், பொருளாளர் நம்பர் என்று ஆரம்பித்தால் அது நிரந்தரமாகிவிடும். சபை கணக்கு திறக்கும்வரை க்யூஆர் கோடே வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து யாராவது பணம் அனுப்புகிறேன் என்றால் சந்தோஷத்தில் சரி சொல்லிவிடாதீர்கள். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அனுமதி இல்லாமல் சபை வாங்கக்கூடாது. ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் ஊருக்கே உரிய ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. கூலிக்குப் போகிறவனுக்கு வருமானம் இல்லை. காணிக்கை குறையும், அதே நேரம் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். ஏழைகளுக்கான நிதியை ஜனவரியிலிருந்தே ஒதுக்கி வைக்கிறோம். யாருக்குக் கொடுப்பது என்பதை அந்த வீட்டுக்குப் போன ஜோடி சொல்லும், மற்றவர்கள் கேட்டு முடிவு செய்வார்கள். பெயரை மேடையில் வாசிக்க மாட்டோம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்துக் கூரையெல்லாம் போனபோது தார்ப்பாய் வந்தது. அப்போது மூத்த ஐயா ஒரு வார்த்தை சொன்னார்: "மூப்பர் வீடு கடைசி." என் வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மூன்று உடைந்திருந்தது. ஒரு வாரம் நனைந்தோம். அந்த வாரத்தில் தார்ப்பாய் விஷயத்தில் சபையில் ஒரு சண்டை கூட இல்லை. 2015 வெள்ளத்திலும் இதையே செய்தோம். உங்கள் சபையிலும் நிவாரணம் வருவதற்கு முன்பே இதை முடிவு செய்து எழுதி வையுங்கள். வந்தபிறகு எழுதுவது கஷ்டம்.

கூடிப் பேசுவது

எங்கள் கூட்டம் மாதத்தின் முதல் சனி, ராத்திரி ஏழு மணி. வியாழனே என்னென்ன பேசப்போகிறோம் என்று ஆறு பேருக்கும் பாஸ்டருக்கும் போய்விடும். முதல் அரை மணி நேரம் கணக்கு பேசுவதில்லை, வீட்டுப் பட்டியலை வைத்து ஜெபிக்கிறோம். வயதில் சின்னவர் முதலில் பேசுவார். பெரியவர் முதலில் பேசினால் சின்னவர் "ஐயா சொல்றதுதான் சரி" என்று உட்கார்ந்துவிடுவார், அப்புறம் வெளியே போய் வேறு பேசுவார். தன் சொந்தக்காரர் விஷயம் வந்தால் அவர் எழுந்து வெளியே போக வேண்டும். முடிவை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, எழுந்திருப்பதற்கு முன் சத்தமாக வாசித்து, கையெழுத்து. ஒன்பதரைக்கு மேல் எந்த முடிவும் எடுப்பதில்லை. களைப்பில் எடுத்த முடிவுகளைத்தான் நாங்கள் பிற்பாடு மாற்ற வேண்டியிருந்தது.

ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? ஒரு மாதம் தள்ளி வைக்கிறோம். அவரோடு ஒரு ஜோடி போய்ப் பேசும். இரண்டாம் மாதமும் இல்லை என்றால் இன்னொரு மாதம். அதற்கு மேல் ஓட்டு. பதினேழு வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஓட்டுக்குப் போனது இரண்டே முறை. அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் கூடினவர்களும் முதலில் மிகுந்த தர்க்கம்தான் பண்ணினார்கள். அப்புறம் பேதுரு பேசினார், பர்னபாவும் பவுலும் பேசினார்கள், யாக்கோபு பேசினார், முடிவைக் கடிதமாக எழுதினார்கள். கடிதத்தோடு யூதாவையும் சீலாவையும் அனுப்பினார்கள், எழுதினதை வாயாலும் சொல்லும்படி. அங்கேயும் இரண்டு பேர்.

பாஸ்டரைப் பற்றி ஒரு குறை இருந்தால் இரண்டு மூப்பர்கள் அவர் வீட்டுக்குப் போய் அவரிடமே சொல்லுங்கள். டீக்கடையில் சொல்லாதீர்கள். அதேபோல அவருடைய சம்பளம் ஒன்றாம் தேதி அவர் கைக்குப் போகிறதா, வருஷத்தில் இரண்டு வாரமாவது லீவு எடுக்கிறாரா, பிள்ளைகள் படிப்பு எப்படி என்று கேட்பதும் நம் வேலை. மோசே காலையிலிருந்து சாயந்திரம்வரை தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரித்ததைப் பார்த்து, நீர் தொய்ந்துபோவீர் என்று எத்திரோ சொன்னது மருமகனின் உடம்பைப் பார்த்துத்தான் (யாத்திராகமம் 18). 1733இல் தரங்கம்பாடியில் குருவாக அபிஷேகம் பெற்ற ஆரோன், தமிழரில் முதல் புராட்டஸ்டண்ட் குருவானவர், நம் கடலூரில் பிறந்தவர். கிராமம் கிராமமாக அலைந்து ஊழியம் செய்தவர். உதவிக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசிமார் இல்லாமல் ஒரு ஆளால் அது நடக்குமா? எனக்கு அவரை நினைத்தால் எங்கள் பாஸ்டர் ஞாபகம் வரும்.

நாம் தீர்க்கக்கூடாதவை

சபைக்குள் இரண்டு பேருக்கு வாய்ச் சண்டை, காம்பவுண்டு சுவர்த் தகராறு, கணவன் மனைவி பேசிக்கொள்வதில்லை, இதெல்லாம் நாம் உட்கார்ந்து கேட்கலாம். இரண்டு பக்கமும் தனித்தனியாக, இரண்டு மூப்பர்களாகக் கேளுங்கள். ஒரு மூப்பர்மேலேயே பிராது வந்தால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5 சொல்கிறது. ஆனால் அடுத்த வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள்: குற்றம் உண்மையானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும், பட்சபாதம் கூடாது.

ஆனால் குழந்தையிடம் யாராவது தவறாக நடந்தார்கள் என்று காதில் விழுந்தால் மூப்பர் கூட்டம் போடாதீர்கள். அது நம் பஞ்சாயத்து இல்லை. 2012ஆம் வருஷத்துப் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அல்லது போலீசுக்கு அன்றே சொல்லுங்கள், குற்றம் சாட்டப்பட்டவர் யாராக இருந்தாலும். சாட்சி இரண்டு பேர் இல்லையே என்று இந்த இடத்தில் வசனம் பேசக்கூடாது. சாட்சியைத் தேடுவது விசாரிக்கிறவர்கள் வேலை. சபைப் பெயர் கெடும் என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டு போன் பண்ணுங்கள். மனைவியை அடிக்கிற வீட்டிலும் பொறுத்துப் போம்மா என்று சொல்லி அனுப்பாதீர்கள். பெண்கள் உதவி எண் 181ஐக் கொடுங்கள், அவர்கள் தங்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் மூப்பரான புதிதில் ஒரு சகோதரியிடம் பொறுத்துப் போகச் சொன்னேன். தனியாக, யாரையும் கேட்காமல். அடுத்த மாதம் அவர் கை முறிந்து கட்டோடு ஆராதனைக்கு வந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்துவிட்டார். அந்தக் கட்டு என் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை.

வியாதி, சாவு

கடலூர்க்காரர்களுக்குப் பெரிய வியாதி என்றால் பாதிப் பேர் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம். இரண்டு பேராக பஸ் ஏறுங்கள். ஒருவர் நோயாளியிடம் இருங்கள். மற்றவர் வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருக்கும் துணையாளைப் பாருங்கள். அவர் சாப்பிட்டாரா, மாற்றுத் துணி இருக்கிறதா, வீட்டில் பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள். எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொன்னால் ஒரு சொட்டு நெற்றியில் போதும், சின்னக் குரலில், இரண்டு நிமிஷம். பக்கத்துக் கட்டிலிலும் நோயாளி இருக்கிறார். மாத்திரையை நிறுத்தச் சொல்ல எந்த மூப்பருக்கும் அதிகாரம் இல்லை.

சாவு வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போங்கள். ஒருவர் வீட்டுக்காரரோடு உட்காருங்கள். மற்றவர் ஃப்ரீசர் பாக்ஸ், கல்லறையில் குழி, சாமியானா, நாற்காலி, பாஸ்டருக்குத் தகவல் எல்லாம் பாருங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஞாபகப்படுத்துங்கள். எட்டாம் நாள் எல்லாரும் போவார்கள். நீங்கள் நாற்பதாம் நாள் தாண்டியும் போங்கள், அப்போதுதான் வீடு வெறிச்சென்று இருக்கும்.

அடுத்த மூப்பர்

உங்கள் காலத்திலேயே இன்னொருவரைத் தேடும் வேலையும் வரும். 1 தீமோத்தேயு 3ஐ எடுத்து வாசித்தால் அதில் திறமை என்று வருவது போதிக்கிறது ஒன்றுதான். மற்றதெல்லாம் குணமும் வீடும்: சண்டைக்காரன் இல்லை, பண ஆசை இல்லை, அந்நியரை உபசரிக்கிறவன், குடும்பத்தை நடத்துகிறவன், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவன் இல்லை. புறம்பானவர்களிடத்தில் நற்சாட்சி பெற்றவன் என்றும் இருக்கிறது. அதை நாங்கள் அப்படியே செய்கிறோம். இரண்டு பேர் அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய், சபைக்கு வராத ஆட்களிடம் விசாரிக்கிறோம். எனக்காக அப்படி விசாரித்தது ஒரு டீசல் கடைக்காரரிடம். நான் அவருக்குப் பணம் பாக்கி வைத்திருந்தேன், சொன்ன தேதிக்குக் கொடுத்தேன் என்று அவர் சொன்னாராம். அதைப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். சீக்கிரமாய்க் கை வைக்காதே என்று தீமோத்தேயுவுக்குச் சொன்னதை மறக்காதீர்கள். எங்கள் சபையில் ஒரு வருஷம் ஒரு ஜோடியோடு மூன்றாவது ஆளாக வீடு வீடாகக் கூட வரச் சொல்கிறோம். பாதி வருஷத்தில் நின்றுவிட்டால் மனஸ்தாபம் இல்லாமல் விட்டுவிடலாம்.

சரி, இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். நோட்டு வாங்கிவிட்டீர்கள். ஜோடி யார் என்று பேசிவிட்டீர்கள். முதல் வீடாக, கடைசி மூன்று மாதம் ஆராதனைக்கு வராத ஒரு வீட்டை எடுங்கள். போன் பண்ணிவிட்டுப் போங்கள், ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், பிள்ளைகள் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் தேதியை எழுதிவிட்டு, அடுத்த செவ்வாய்க்கு எந்த இரண்டு வீடு என்று உங்கள் ஜோடிக்கு மெசேஜ் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.